மூன்றும் ஒத்துப்போன வண்டி

“மேட்டில் நின்னுபோன வண்டியை என்னமோ செய்யக் கூடாதுன்னு எங்க பெரியப்பா சொல்வார், டீச்சர். திட்டக் கூடாதும்பாரா, தள்ளக் கூடாதும்பாரா, மறந்துபோச்சு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“திட்டிக்கிட்டே தள்ளினேன்.”

“நல்ல பிள்ளை. அந்தச் சுவரோரமா நிறுத்துங்க.”

மலையடிவாரத்தில் இருந்தது அந்தப் பட்டறை. டீச்சரின் பெயர் ஆரோக்கியசெல்வி. ஐ.டி.ஐ.யில் மின்பணிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது சைக்கிள்களுக்கு மோட்டார் பொருத்துகிறார். ஊருக்கே டீச்சர்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த குணசீலன் மலைமேல் குடியிருந்தான். தனியாக.

கத்தாரிலிருந்து அவன் திரும்பியபோது மனைவியும் மகனும் அவனோடு வரவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தான். ஒரு சைக்கிள் வாங்கி, தானே மோட்டார் மாட்டிக்கொண்டான்.

முதலில், மோட்டாருக்குத் தெம்பில்லை என்று டீச்சரிடம் வந்தான். பெரிய மோட்டார் போட்டான்.

பிறகு, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் கொதிக்கிறது என்று வந்தான். பெரிய கன்ட்ரோலர் போட்டான்.

ஒவ்வொன்றுக்கும் பல சாயங்காலங்கள் ஆயின. டீச்சர் வேலை பார்ப்பார். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ வரும். அந்த மலையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் வேறு யாரும் இல்லை.

இப்போது மூன்றாவது வளைவில் வண்டி நின்றுவிடுகிறது.

“பேட்டரி போச்சு டீச்சர். இன்னும் பெருசா ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்கறேன்.”

“நிக்கும்போது சார்ஜ் எவ்வளவு காட்டுது?”

“முழுசா இருக்கு. அதுதான் எரிச்சல். அணைச்சுப் போட்டா உயிர் வருது. முறுக்கினா மறுபடியும் செத்துருது. வயிறு நிறைய வச்சுக்கிட்டு ஒரு சொட்டு தரமாட்டேங்குது.”

“தரமாட்டேங்குதா, நீங்க கழுத்தைப் பிடிக்கிறீங்களா?”



டீச்சர் பேட்டரிப் பெட்டியைத் தட்டினார்.

“மோட்டாருக்குன்னு சொந்தமா ஆசை கிடையாது, தம்பி. கேக்கறது கன்ட்ரோலர். குடுக்கறது பேட்டரி. உங்க கன்ட்ரோலர் முப்பத்தஞ்சு ஆம்பியர் கேக்கறான். இது இருபதுதான் விடாம குடுக்கும். அதுக்கு மேல இழுத்தா உள்ள ஒரு காவல்காரன் இருக்கான், கதவைச் சாத்திருவான். மேலேயே எழுதி ஒட்டியிருக்கு.”

குணசீலன் எழுதியிருந்ததைக் குனிந்து பார்க்கவில்லை.

டீச்சர் அவனைப் பார்த்தார். பிறகு அவனுடைய போனை வாங்கி, கன்ட்ரோலரோடு இணைத்தார். முப்பத்தைந்து என்று இருந்ததை இருபது ஆக்கினார்.

“அவ்வளவுதான். ஏறிட்டு வாங்க.”

“இருபதுல நகருமா?”

“போய்ப் பாருங்க.”

போனான்.

வண்டி மெதுவாக ஏறியது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் எழுந்துகொள்ளக்கூட இல்லை. மூன்றாவது வளைவு வந்தது. போயிற்று. அடுத்த வளைவும் போயிற்று.

நிற்கும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை.

திரும்பி இறங்கி வந்தான்.

“ஏறிச்சா?”

“ஏறிச்சு.”

“அப்புறம் ஏன் கையில இருந்ததைத் தொலைச்ச மாதிரி முகம்?”

“ஒண்ணுமில்ல டீச்சர்.”

டீச்சர் ஸ்பானரைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“கத்தார்ல என்ன வேலைன்னு சொன்னீங்க?”

“எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர்.”

“பெரிய மோட்டாரை மாட்டினா அந்தச் சின்ன கன்ட்ரோலர் கொதிக்கும்னு சூப்பர்வைசருக்குத் தெரியாதா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“தெரியும்.”

“கன்ட்ரோலரைப் பெருசாக்கினா பேட்டரி கதவைச் சாத்தும்னு?”

“அதுவும் தெரியும்.”

“சரி, இப்போ பேட்டரி. அதுக்கப்புறம் என்ன?”

“பிரேக்கு பத்தாதுன்னு வரலாம்னு இருந்தேன்.”

டீச்சர் சிரித்துவிட்டார். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோயிற்று.

“மூணும் ஒத்துப்போச்சு, குணசீலன். இனி இந்த வண்டியில எனக்கு வேலை இல்லை.”

அவன் வண்டியை எடுத்தான்.

“நாளைக்கு வரேன் டீச்சர்.” பழக்கத்தில் வந்துவிட்டது.

“எதுக்கு?”

பதில் தேடினான். மோட்டாரைப் பார்த்தான். கன்ட்ரோலரைப் பார்த்தான். பேட்டரியைப் பார்த்தான். ஒன்றிலும் ஒரு குறையும் இல்லை.

டீச்சர் காத்திருந்தார்.

 பிறகு அடுத்த சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

வழியில் எங்கேயும் நிற்காமல் வீடு வந்தது. இவ்வளவு வெளிச்சத்தோடு அவன் வீட்டுக்கு வந்ததே இல்லை.

வெளிச்சத்தில் வீடு இன்னும் பெரிதாக இருந்தது.

டிவியைப் போட்டான். அணைத்தான். ஒரு டம்ளர் டீ போட்டு, வராந்தாவில் வண்டிக்கு எதிரே உட்கார்ந்தான்.

டீச்சர் கேட்டதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான்.

“எதுக்கு?”

தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. காலையிலிருந்து அந்த வீட்டுக்குள் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

போனை எடுத்தான். கன்ட்ரோலரோடு இணைத்தான்.

இருபது.

மறுபடியும் முப்பத்தைந்து ஆக்கினான். இப்படியே விட்டால் நாளை ஏறும்போது மூன்றாவது வளைவில் நிற்கும். நின்றால், தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். செட்டிங் தானாக மாறிவிட்டது என்று சொல்லலாம். டீச்சர் திட்டுவார். திட்டிக்கொண்டே டீ ஊற்றுவார்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆறிப்போனது.

எண்ணைத் திரும்ப இருபதுக்குக் கொண்டுவந்தான்.

மறுநாள் சாயங்காலம் வண்டியை வராந்தாவிலேயே விட்டுவிட்டு, பட்டறைக்கு நடந்தே இறங்கினான்.