கல்மேல் படுத்திருந்த பூனை

கூரை கிடையாது, கதவு கிடையாது, சாமியும் கிடையாது. ஆனாலும் உள்ளே போக வரிசையில் நிற்பார்கள். அது என்ன? தெரியவில்லையா? கிரேக்க நாட்டில் மலைமேல் இடிந்து கிடக்கும் பழைய கோயில்!

அங்கேதான் மந்தைக்குளத்துக்காரர்கள் போனார்கள். சோப்புக் கம்பெனிக் குலுக்கலில் அவர்களுக்குக் கப்பல் பயணம் விழுந்திருந்தது. சொக்கையா, அவருடைய மைத்துனர் மாடக்கண்ணு, பக்கத்து வீட்டு உலகநாதன், மாடக்கண்ணுவின் ஆறு வயது மகள் தவமணி என்று நாலு பேர்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழிகாட்டி அம்மாள் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த இடம் நீங்க வரும்போது எப்படி இருந்ததோ, போகும்போதும் அப்படியே இருக்கணும். நாலு மணிக்கு பஸ். அதை விட்டா கப்பலும் போயிடும்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெரியவர்கள் மூவரும் எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள்.

"நிக்கிற தூண்?" என்றார் சொக்கையா.

"நிக்குது அண்ணாச்சி," என்றார் உலகநாதன்.

"விழுந்த தூண்?"

"விழுந்தே கிடக்கு."

"கூரை?"

"வரும்போதே இல்ல. அதுக்கு நாம பொறுப்பில்ல."

"பூனை?"

திரும்பிப் பார்த்தார்கள். காலையில் ஒரு உடைந்த கல்மேல் மஞ்சள் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது கல் மட்டும் இருந்தது. பூனை மதில்மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மாடக்கண்ணு கூப்பிட்டார். பூனை அசையவில்லை.

"கிரேக்கப் பூனைக்குத் தமிழ் எப்படி மாப்ளே புரியும்?" என்றார் சொக்கையா.

"சோறு புரியும்ல அத்தான்?"

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்கள். பூனை ஒருமுறை முகர்ந்தது. பிறகு மலையிறங்கி ஓடியே போய்விட்டது.

கீழே பஸ் ஹாரன் கேட்டது.

"இனி ஒரே வழிதான்," என்றார் சொக்கையா. "ஒருத்தர் பூனைக்குப் பதிலா இங்கேயே படுத்துக்கட்டும். மத்தவங்க கப்பலுக்குப் போகலாம்."

அவரே படுத்துப் பார்த்தார். கால் கல்லை விட்டு ஒரு முழம் வெளியே நீட்டியது. மாடக்கண்ணு சுருண்டு படுத்தார். உடனே குறட்டை வந்தது.

"அந்தப் பூனை குறட்டை விடலையே," என்று உலகநாதன் அவரை எழுப்பினார். உலகநாதனுக்கோ பூனை முடி ஆகாது. கல்லில் தலை வைத்ததும் ஏழு தும்மல் போட்டார்.

ஹாரன் அடித்து ஓய்ந்த டிரைவர், மூச்சு வாங்க மேலேறி வந்து நின்றார்.

"சின்னப் பிள்ளை பொய் சொல்லாது," என்றார் சொக்கையா. "தவமணி, அசல் பூனை மாதிரி யாரு இருக்கா? நீ கைகாட்டுற ஆள் இங்கே இருக்கட்டும். மத்தவங்க அந்த பஸ்ஸிலேயே கிளம்புறோம்."

தவமணி பெரியவர்கள் மூவரையும் நன்றாகப் பார்த்தாள். பிறகு டிரைவரின் மீசையைப் பார்த்தாள்.

டிரைவரைக் கைகாட்டினாள்.