கொக்கு விழுங்கிய 'ம்'

காட்டோரத்து அல்லிக்குளத்தில் மஞ்சக்கண்ணி என்று ஒரு மைனா இருந்தது. அதற்கு இத்தாலி மொழி தெரியும்!

எப்படி என்கிறீர்களா? குளத்துக்கு அக்கரையில் ஒரு விருந்தினர் மாளிகை. அங்கே தங்கியிருந்த இத்தாலிக்கார அம்மாள் ஒருத்தி, தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓர் இளம்பெண்ணுக்குத் தன் மொழியைச் சொல்லிக்கொடுப்பாள். மஞ்சக்கண்ணி வெளியே மாமரக் கிளையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் மைனாவுக்குத் தூக்கம் வருமா?

"ரெஸ்தோ, தங்குகிறேன்! ரெஸ்தாய், தங்கினேன்! ரெஸ்தெரோ, தங்குவேன்! ரெஸ்தெரேய், தங்குவேன், நீங்கள் விட்டால்!" என்று குளக்கரை முழுக்கப் பாடித் திரியும்.

நீர்க்கோழிகளுக்கு எரிச்சலாக இருக்கும். "விடிந்ததும் ஆரம்பித்துவிட்டாயா? 'தங்கு' என்கிற ஒரு வேலையைச் சொல்ல எதற்கு இத்தனை வால்?" என்று கேட்கும்.

"வாலில்தானே விஷயமே இருக்கிறது!" என்று மஞ்சக்கண்ணி கத்தும். "யார் தங்குகிறார், எப்போது தங்குகிறார், முடிவு செய்துவிட்டாரா, இல்லை அனுமதி கேட்கிறாரா, எல்லாவற்றையும் வால்தான் சொல்லும். பல்லிக்கு வால் போனால் முளைக்கும். சொல்லுக்குப் போனால் முளைக்காது!"

நீர்க்கோழிகள் கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிடும்.

அடைமழை ஓய்ந்த ஒரு நாள் காலையில், வானத்திலிருந்து ஒரு நாரைக் கூட்டம் தள்ளாடித் தள்ளாடி இறங்கியது. இத்தாலியிலிருந்து கிளம்பிய கூட்டம். நடுவழியில் புயலில் சிக்கித் திசைமாறி வந்திருந்தது. பியா என்கிற நாரைக்கு ஒரு சிறகு கிழிந்து தொங்கியது. அதை மற்றவை நடுவில் நிறுத்திக்கொண்டன.

கூட்டத்தின் தலைவி ப்ருனெல்லா குளக்கரைக்கு வந்தது. தலையை நன்றாகத் தாழ்த்தியது. பிறகு சொன்னது: "ஸே வோய் பெர்மெத்தெஸ்தே, ரெஸ்தெரெம்மோ."

மஞ்சக்கண்ணிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. 'நீங்கள் அனுமதித்தால் தங்குவோம்.' எவ்வளவு பணிவான பேச்சு! அதை எல்லோருக்கும் சொல்ல அது வாயைத் திறப்பதற்குள், ஆழமில்லாத தண்ணீரில் நின்றிருந்த கொக்கு முந்திக்கொண்டது.

"கேட்டீர்களா அநியாயத்தை!" என்று கொக்கு அலறியது. "எனக்கும் இத்தாலி தெரியும். மாமரத்தடியில் மீனுக்கு நிற்கும்போது நானும் பாடம் கேட்டிருக்கிறேன். ரெஸ்தெரேமோ! 'நாங்கள் இங்கேதான் தங்குவோம்!' என்கிறார்கள்!"

நீர்க்கோழிகள் கொதித்துப்போயின. "யாரைக் கேட்டுத் தங்குவார்கள்? இது என்ன இவர்கள் அப்பன் வீட்டுக் குளமா?"

"ஐயோ, இல்லை!" என்று மஞ்சக்கண்ணி பறந்து வந்தது. "அது ரெஸ்தெரேமோ இல்லை, ரெஸ்தெரெம்மோ! இரண்டு 'ம்'! ஒரு 'ம்' இருந்தால் 'தங்குவோம்'. இரண்டு 'ம்' இருந்தால் 'நீங்கள் விட்டால் தங்குவோம்'. அவர்கள் கேட்கிறார்கள்! கெஞ்சிக் கேட்கிறார்கள்!"

குளத்துக்குத் தலைமை எருமைதான். அது மூக்கு மட்டும் வெளியே தெரியத் தண்ணீரில் கிடந்தது. ஒரு கண்ணைத் திறந்தது.

"நான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை 'ம்' என்கிறேன்," என்றது எருமை. "அதில் ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன? ஒரு 'ம்'முக்காகவா என் தூக்கத்தைக் கெடுத்தாய்? பொழுது சாய்வதற்குள் அவர்கள் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் நானே எழுந்து வந்து மிதிப்பேன். போய்ச் சொல்!"

இந்தச் சேதியைச் சுமந்துகொண்டு மஞ்சக்கண்ணி நாரைகளிடம் போனது. சொல்லும்போது அதற்கு நாக்கு கூசியது.

ப்ருனெல்லா கோபப்படவில்லை. "போகச் சொன்னால் போவோம் அம்மா," என்றது தன் மொழியில். "பியாவால்தான் பறக்க முடியாது. அவளை இங்கே விட்டால் இன்று ராத்திரியே நரி கொண்டுபோய்விடும். தூக்கிக்கொண்டு பறக்கவும் எங்களுக்குத் தெம்பில்லை." பியா கிழிந்த சிறகை அலகால் நீவிக்கொண்டிருந்தது.

மஞ்சக்கண்ணியால் அங்கே நிற்க முடியவில்லை. நேராகக் கொக்கிடம் போனது.

"உனக்குக் காது கேட்காதா? இல்லை, மனசாட்சியே கிடையாதா?"

கொக்கு சுற்றுமுற்றும் பார்த்தது. யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"தங்கச்சி, எனக்கு இரண்டு 'ம்'மும் நன்றாகத்தான் கேட்டது. ஒன்றை விழுங்கிவிட்டேன். மீனைவிடச் சுகமாக இறங்கியது! இத்தனை நாரை இங்கே தங்கினால் என் தாமரை மேட்டில் எனக்கு மீன் என்ன மிஞ்சும்? நீயும் வாயை மூடிக்கொண்டு இரு. மேட்டில் ஒதுங்கும் பூச்சி அத்தனையும் உனக்குத்தான்!"

மஞ்சக்கண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "தூ! உன் வயிற்றுக்காக அந்தப் பெண்ணை நரிக்குக் கொடுப்பாயா? நீயும் ஒரு பறவையா? உன் பூச்சியை நீயே வைத்துக்கொள்!"

அது எருமையிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னது. கொக்கு கூடவே வந்து, "நான் அப்படிச் சொன்னதை யார் கேட்டார்கள்?" என்று சாதித்தது. வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. எருமை கண்ணை மூடிக்கொண்டது.

பொழுது சாயத் தொடங்கியது. நாரைகள் கிளம்புகின்றனவா என்று பார்க்க நீர்க்கோழிகள் கூடின. எருமையும் தலையைத் தூக்கியது. கூட்டத்தைப் பார்த்ததும் கொக்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. கழுத்தை நீட்டிப் பேச ஆரம்பித்தது.

"கேளுங்கள்! மானமுள்ள கொக்கு நான். இவர்கள் இங்கே தங்கினால், நான் இந்தக் குளத்தைவிட்டே போய்விடுவேன்! என் தாமரை மேட்டையும் அந்த மறுகோடி நீர்க்காகங்களுக்கே கொடுத்துவிடுவேன்!"

மஞ்சக்கண்ணி அடுத்த நொடி அங்கே இல்லை. குளத்தின் மறுகோடிக்குப் பறந்துவிட்டது. அங்கே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. இக்கரைப் பேச்சு எதுவும் அவற்றின் காதில் விழுந்திருக்கவில்லை.

"சேதி தெரியுமா?" என்று மைனா உரக்கக் கூவியது. "கொக்கு குளத்தைவிட்டுப் போகிறது! தாமரை மேட்டை உங்களுக்கே கொடுத்துவிட்டது!"

நீர்க்காகங்கள் இரண்டாவது முறை கேட்கவா போகின்றன? கூட்டமாகப் பறந்துபோய் மேட்டில் இறங்கின. முங்கி முங்கி மீனை அள்ளின. கொக்கு வழக்கமாக நிற்கும் கல்லில் ஒரு கிழட்டு நீர்க்காகம் ஏறிச் சிறகை விரித்து நின்றுகொண்டது.

கொக்கு பதறியடித்துப் பறந்து வந்தது. "இறங்கு! என் கல்! என் மேடு! யார் உங்களை வரச் சொன்னது?"

"நீதான் கொடுத்தாயாமே!" என்றது கிழட்டு நீர்க்காகம். "போய்வா, நல்லபடியாக இரு!"

கொக்கு தலைதெறிக்க எருமையிடம் ஓடியது. "மோசடி! பச்சை மோசடி! 'அவர்கள் தங்கினால்' என்றுதானே நான் சொன்னேன்? 'தங்கினால்'! அந்த 'ஆல்' எங்கே? இந்த மைனா அதைத் தூக்கி எறிந்துவிட்டு, நான் கொடுத்தே விட்டதாகச் சொல்லியிருக்கிறது! ஒரு சொல்லின் வாலை வெட்டினால் எல்லாம் தலைகீழாகப் போய்விடாதா?"

நீர்க்கோழிகள் எல்லாம் எருமையைத் திரும்பிப் பார்த்தன.

எருமை மெதுவாக எழுந்து நின்றது. அதன் முதுகிலிருந்து தண்ணீர் வழிந்தது. "மைனா, நாரை காலையில் சொன்னதை மறுபடி சொல்லச் சொல். என் காதாலேயே கேட்கிறேன்," என்றது.

மஞ்சக்கண்ணி கேட்டுக்கொண்டது. ப்ருனெல்லா முன்னால் வந்து தலையைத் தாழ்த்தியது. ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னது. "ரெஸ்தெரெம்... மோ."

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. அலகு இறுக மூடி ஒரு 'ம்'. திறக்கும்போது இன்னொரு 'ம்'. ஒரு சின்ன நீர்க்கோழிகூட, "இரண்டு!" என்று கத்தியது.

"காலையிலும் இதையேதான் சொன்னார்கள்!" என்று மஞ்சக்கண்ணி கூவியது. அதன் கோபம் இன்னும் ஆறவில்லை. "பொய் சொன்னது கொக்கு. சரி. அது அதன் வயிற்றுக்காகச் சொன்னது. உங்களுக்கு என்ன வந்தது? சிறகு கிழிந்து ஒருத்தி உங்கள் கண்ணெதிரே நின்றாள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! கோபப்படுவதற்கு மட்டும் எவ்வளவு அவசரம்!"

நீர்க்கோழிகள் தலையைக் குனிந்துகொண்டன. எருமையும் குனிந்தது.

பிறகு மஞ்சக்கண்ணி நீர்க்காகங்களிடம் போனது. "நான் உங்களிடம் சொன்னது பொய். வேண்டுமென்றே சொன்னேன். மேடு கொக்கினுடையதுதான். என்னை மன்னித்து, எழுந்து போங்கள்," என்றது. நீர்க்காகங்கள் நன்றாகத் திட்டிவிட்டு, நிறைந்த வயிற்றோடு பறந்துபோயின.

கொக்கு அசட்டுச் சிரிப்புடன் தன் கல்லில் ஏறப் போனது. "நில்!" என்றது எருமை. "உன் மேட்டில் பாதி, பியா தேறும்வரை நாரைகளுக்கு. மாட்டேன் என்றால், நீ சொன்னபடி குளத்தைவிட்டுப் போகலாம். இப்போது நாரைகள் தங்கத்தான் போகின்றன!"

கொக்கு கல்லின் ஓரத்துக்கு நகர்ந்து நின்றது.

நீர்க்கோழிகள் மஞ்சக்கண்ணியைச் சுற்றிக்கொண்டன. "நாரைகளிடம் நாங்களே சொல்ல வேண்டும். 'தங்குங்கள்' என்பதற்கு எந்த வால் போடுவது?"

மஞ்சக்கண்ணி சொல்லிக்கொடுத்தது. குளம் முழுக்க ஒரே குரலாகக் கூவியது. "ரெஸ்தாத்தே! ரெஸ்தாத்தே!"

அதைக் கேட்டதும் பியா, காலையிலிருந்து மடக்காமல் நின்ற கால்களை மடக்கி, ஈரப் புல்லில் மெல்ல உட்கார்ந்தது.

அடுத்தவர் சொன்னதில் ஓர் எழுத்தைத் திருடுகிறவன் அவர்களுடைய உயிரையே திருடக்கூடும். அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கோபப்படுகிற ஒவ்வொருவரும் அந்தத் திருட்டில் கூட்டாளிதான்.