மெய்க்கீர்த்தியில் மட்டும் சுருங்காத நாடு

முன்னொரு காலத்தில், வாயால் சொன்னால் பெரிதாகவும் காலால் நடந்தால் சிறிதாகவும் ஒரு கடற்கரை ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் அலைவாயர். அவருடைய கொள்ளுப்பாட்டி காலத்தில் நீரிணையின் இருகரையும் ஒரே குடையின் கீழ் இருந்தன. பிறகு அக்கரை பிரிந்து தனி அரசானது. மலைநாடு போரில் போயிற்று. தென்சீமையை அவர் தந்தையின் வீம்பு விழுங்கியது. மிச்சம் இக்கரையும் சில தீவுகளும்.

ஆனால் தினமும் காலையில் அவையில் பாடும் மெய்க்கீர்த்தியில் ஓர் அடிகூடக் குறையவில்லை. "அக்கரையும் மலைநாடும் தென்சீமையும் ஆளும் அண்ணல்" என்று புலவர் பாடப் பாட, படுக்கையிலிருந்து சிறுத்துப்போய் எழுந்த அரசர் மெல்ல உப்புவார். பொய்யென்று தெரியும். தெரிந்தும் அந்தப் பாட்டில்லாமல் அவருக்கு விடிந்ததில்லை.

ஒருநாள் பாட்டு முடிந்ததும் விகடகவி நக்கன் சொன்னான்: "அரசே, கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். அக்கரை அரசர் கேட்டால் சிரித்தே செத்துப்போவார். கொலைப்பழி நமக்கு வரும்."

அவை சிரித்தது. அரசருக்குச் சுருக்கென்றது. நக்கனைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். "மெய்க்கீர்த்தியைப் பழித்தவனை நாடு கடத்துவதே முறை, அரசே."

"இனி என் மண்ணில் உன் கால் படக்கூடாது. பட்டால் தலை இருக்காது" என்றார் அரசர். சொன்ன கணமே நெஞ்சு வெறிச்சோடியது. இனி தன்னைச் சிரிக்கவைக்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் மாடத்திலிருந்து பார்த்தால், நீரிணை நடுவே ஒரு படகில் நக்கன் மீன் சுட்டுக்கொண்டிருந்தான். இருகரையிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். அரசர் அமைச்சரோடு துறைக்கு இறங்கினார். நக்கன் படகைப் படித்துறைவரை ஓட்டிக்கொண்டு வந்தான், இறங்கவில்லை.

"ஏன் இன்னும் போகவில்லை?"

"எங்கே போவேன், அரசே? அக்கரை தங்களுடையது என்று இன்று காலையும் பாட்டுக் கேட்டது. மலைநாடும் தென்சீமையும் தங்களுடையவை. கால் வைத்தால் தலை போகும். அதற்கப்பால் போக இந்த ஓட்டைப் படகு தாங்காது. எந்த மண் தங்களுடையதில்லை என்று தங்கள் வாயால் சொல்லுங்கள், அங்கே இறங்கிக்கொள்கிறேன்."

"பிதற்றாதே" என்றார் விழுப்பரையர். "அக்கரை, மலைநாடு எல்லாம் என்றைக்கும் நம்முடையவையே."

அரசர் வாயைத் திறந்தார். அக்கரை என்னுடையதில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தந்தையும் பாட்டனாரும் சொல்லாத அந்த வாக்கியம் மீன்முள்போலத் தொண்டையில் சிக்கியது. சிக்கிய இடத்திலிருந்தே, எதிர்பாராமல், சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இறங்கி வாடா" என்று தம் பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். "மலைநாட்டையும் உனக்கே தானமாகத் தருகிறேன்."

"சால்வை போதும், அரசே. மலைநாட்டை, அது நம்முடையதென்று நம்புகிறவருக்குக் கொடுங்கள்."

அரசர் திரும்பினார். "விழுப்பரையரே, நாளையே போய் அதை ஆளும்."

அன்று மாலையே அமைச்சருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எந்த வைத்தியருக்கும் அது இறங்கவில்லை.