தழை வெட்டும் சத்தம்

டொக்... டொக்... டொக்.

காது கொடுத்துக் கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. ஊர்கள் கொஞ்சமாகவும் காடு ஏராளமாகவும் கிடந்த காலத்துச் சத்தம் அது. மலையடிவாரத்தில் ஆட்டுக்காரி இருளாயி மரத்தில் ஏறி, தன் ஆடுகளுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் அந்தச் சத்தத்துக்கு மான்கள் ஓடின. பிறகு ஓடாமல் நின்றன. பிறகு, சிந்திய தழையைத் தின்ன, சத்தம் கேட்டதுமே வந்தன.

இருளாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மான்களுக்கென்றே கூடுதலாக வெட்டிப்போட்டாள்.

"ஏ புள்ள, மானெல்லாம் உன் பொறந்த வீட்டுச் சனமா? அதுகளுக்கு விருந்து. எனக்குக் கூழ் ஊத்தத்தான் கை வலிக்குது!" என்றான் புருஷன் வீரணன். அப்புறம் சிரிப்பை விட்டுச் சொன்னான்: "மான் வர்ற இடத்துக்கு மத்ததும் வரும். நிறுத்திடு."

"வந்தா அதுக்கும் ரெண்டு தழை போடுறேன், போய்யா."

வந்தது. அவள் மரத்தில் இருக்கும்போதே, புலி அடியில் நின்ற மானை அடித்து இழுத்துப்போனது. சில நாளில் இன்னொன்று. அதன்பின் மான்கள் வரவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் ஆபத்து என்று கற்றுக்கொண்டன. புலியும் கற்றுக்கொண்டிருந்தது, வேறு பாடம்: சத்தம் கேட்டால் இரை.

அடுத்த சரிவுக்குப் போய் வெட்டினாள். அங்கேயும் மரத்தடியில் புலித்தடம். சொன்னால், 'அப்பவே சொன்னேன்ல' என்று வீரணன் ஊர் கேட்கச் சிரிப்பான். 'மானைத் தேடித்தானே வருது, மனுஷரையா' என்று மனசைத் தேற்றிக்கொண்டு, தடத்தின்மேல் சருகைத் தள்ளி மூடினாள்.

அப்படியிருக்க, ஒருநாள் காய்ச்சலில் விழுந்தாள்.

"நீ படு, நான் போறேன்" என்று வீரணன் அரிவாளை எடுத்தான். தடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். வெட்கம் பிடித்து நிறுத்தியது.

பொழுது சாய, ஊரார் அவனைப் பாதியாகத்தான் துணியில் சுற்றித் தூக்கிவந்தார்கள்.

"அந்தக் கொலைகாரப் புலியை விடமாட்டோம்!" என்று ஈட்டிகளை எடுத்தார்கள்.

"அதைக் கூப்பிட்டுப் பழக்கினது நானு. தடத்தைப் பார்த்தும் மறைச்சது நானு" என்றாள் இருளாயி.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போனார்கள், புலியைக் கொன்றார்கள். வீரணன் எழுந்து வரவில்லை.

காட்டுயிரின் அச்சம்தான் அதற்கும் நமக்கும் நடுவே நிற்கிற வேலி. அன்பினால் பிடுங்கினாலும் பிடுங்கினது பிடுங்கினதுதான்.

விடிந்தது. ஆட்டுப்பட்டியில் புழுக்கை சேர்ந்து கிடந்தது. இருளாயி குனிந்து கூட்டத் தொடங்கினாள்.