பனியில் நனைந்த இலையும் முதல் தீச்சட்டியும்

பதில் சொல்லத் துணிவு உள்ளவர்களுக்கு இந்தக் கதை. மற்றவர்களும் கேட்கலாம், நடுவில் குறுக்கிட வேண்டாம்.

கரட்டுப்பட்டி புகையிலை விளையும் ஊர். ஆனால் அந்த ஊர்க் காளிக்குப் புகையிலை ஆகாது. மாசித் திருவிழாவில் முதல் தீச்சட்டி எடுக்க விரும்புகிறவர்கள் காப்புக் கட்டும்போது, "புகையிலை என் உடம்புக்குள் போகாது, எந்தப் புகையும் குடிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் தவறாதவருக்கே பூசாரி சட்டியைக் கொடுப்பார். சட்டி ஏந்திக் கோயிலைச் சுற்றி வந்தவர் ஊரிடம் ஒன்றைக் கேட்கலாம். கேட்டதை ஊர் தட்டக் கூடாது.

அந்த வருஷம் மூன்று பேர் காப்புக் கட்டினார்கள்.

ஒருவர் வீரணன். ஊரிலேயே பெரிய புகையிலைத் தோட்டம் அவருடையது. பொதுக் கிணற்றுத் தண்ணீரைத் தன் தோட்டத்துக்குக் கேட்க நினைத்திருந்தார். இன்னொருவன் லாரி ஓட்டும் சடையாண்டி. ஊர் கூடும் மந்தையில் ஒரு விளக்கு வேண்டும் என்பது அவன் ஆசை. மூன்றாவது வெள்ளைத்தாய், வீரணன் தோட்டத்தில் இலை ஒடிப்பவள். பனி உலர்ந்த பிறகுதான் தோட்டத்தில் இறங்க வேண்டும் என்று ஊர் கட்டுப்பாடு போட வேண்டும். அவள் கேட்கவிருந்தது அது.

அதற்குக் காரணம் உண்டு. தை மாதம் அவள் மகள் ராக்கம்மா, வயிற்றுப் பிள்ளையோடு ஈர இலை ஒடிக்கும்போது வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். புகையிலையில் இருக்கும் நிக்கோடின் பனி நீரில் கரைந்து தோல் வழியாக உடம்பில் ஏறும், பிள்ளைக்கும் ஆகாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். வீரணன் ஒப்புக்கொள்ளவில்லை. "வெறும் பித்தம். விடியுமுன் வராதவங்களுக்கு என் தோட்டத்துல வேலை இல்லை" என்றார். ராக்கம்மாவுக்கு வேறு வேலையும் இல்லை. அவள் மறுபடி பனியில் இறங்கினாள்.

திருவிழா நாள் வந்தது. பூசாரி சட்டியில் தீ வளர்த்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். வீரணன் முன்னே வந்தார்.

"ஏப்பா சடையாண்டி, வாயில என்னத்த மெல்லுற?"

"ஆஸ்பத்திரியில குடுத்த கம் மாமா. பீடிய விடுறதுக்கு. உள்ள நிக்கோடின் இருக்கு."

"அது எதுலருந்து வருது? வெண்டைக்காயிலருந்தா?"

கூட்டம் சிரித்தது. சடையாண்டியும் சிரித்தான். "புகையிலையிலருந்துதான் மாமா. ஆனா பிரிச்செடுத்த அது ஒண்ணு மட்டுந்தான். பீடிப் புகையில வர்ற தாரு, கரியெல்லாம் இதுல கிடையாது. பீடி இழுத்தா இழுத்த வேகத்துல மண்டையில ஏறும். இது மெதுவாத்தான் ஏறுது. கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டும் வர்றேன்."

"நெஞ்சு படபடங்குதுன்னு நேத்துப் பொலம்புனியே?"

"ரெண்டு சேத்து மென்னுட்டேன். மருந்துதான, மிட்டாயா? அத விடுங்க, உங்க இடுப்புல என்ன சொருகியிருக்கு?"

"ஆடாதோடை இலைச் சுருட்டு. காப்புக் கட்டுன நாள்லருந்து இதத்தான் குடிக்கிறேன். புகையிலை ஒரு பொட்டு கிடையாது. உன் நிக்கோடினும் கிடையாது." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்து வெள்ளைத்தாயின் பக்கம் திரும்பினார்.

"நீ ஏத்தா நிக்குற? காப்புக் கட்டுன பெறகும் ஈர இலையிலதான கெடந்த? வாந்தியும் எடுத்த. அந்தச் சாறு தோல் வழியா உள்ள ஏறும்னு நர்சம்மாவே சொல்லியிருக்கு. வாயில போட்டா என்ன, தோல்ல ஏறுனா என்ன? புகையிலை உன் உடம்புல இருக்கு. உனக்குச் சட்டி கெடையாது."

வெள்ளைத்தாய் கோபப்படவில்லை. "அண்ணே, அத இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க. காளிக்குக் கேக்கல" என்றாள்.

வீரணன் பூசாரியின் பக்கம் திரும்பினார். வெள்ளைத்தாய் விடவில்லை.

"எம்மக விழுந்தப்ப பித்தம்னீங்க. தோல்ல எப்படிடி இலை ஏறும்னு கேட்டுச் சிரிச்சீங்க. பித்தம்னா நான் சுத்தம், சட்டியக் குடுங்க. இலைதான்னா, தெரிஞ்சே எதுக்குப் புள்ளத்தாச்சியப் பனியில எறக்குனீங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நானும் நகர மாட்டேன், சட்டியும் நகராது."

பூசாரி சட்டியோடு நிற்கிறார். இனி நீங்கள்தான் பூசாரி. இந்த மூவரில் சத்தியம் தவறியவர் யார்? சட்டி யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: சத்தியம் தவறியவர் வீரணன். எந்தப் புகையும் குடிக்க மாட்டேன் என்பது சத்தியத்தில் பாதி. எந்த இலையைக் கொளுத்திக் குடித்தாலும் நெஞ்சில் படிவது தாரும் கரியும்தான். நிக்கோடின் இல்லை என்பதால் புகை சாம்பிராணி ஆகிவிடாது. மற்ற இருவர் உடம்பிலும் ஏறியது நிக்கோடின் மட்டும். அது ஆளைக் கட்டிப்போடும் கயிறு. புகையிலைக்குள் அறுக்கும் கத்திகள் வேறு பல உண்டு. நிக்கோடின் மட்டுமே புகையிலை ஆகாது. அதற்காக அது பச்சைத் தண்ணீரும் ஆகாது. ஆகவே இருவரும் சத்தியம் காத்தவர்கள். ஆனால் சடையாண்டி அதை விரும்பி எடுத்தான், வேண்டாமென்றால் துப்பலாம். வெள்ளைத்தாயால் தன் தோலைக் கழற்றி வைக்க முடியாது. சட்டி அவளுக்கு. இல்லை, நிக்கோடின் ஏறினாலே புகையிலை ஏறியதுதான் என்று வாதிடுவீர்களானால், மூவருக்கும் சட்டி இல்லை. ஆனால் ஈர இலை உடம்பில் ஏறுகிறது என்று காளி முன்னால் ஒப்புக்கொண்டாயிற்று, பிறகு அவள் கேட்க வந்ததைச் சட்டி இல்லாமலே கொடுத்தாக வேண்டும். இரண்டு வழியிலும் வென்றவள் அவளே. அப்படியும் அது பித்தம்தான் என்று சொல்கிறவர், நாளை விடியுமுன் ஒரு பாத்தி ஈர இலை ஒடித்துவிட்டு வந்து என்னோடு பேசட்டும்.