போர்த் தாம்பூலம்

பொன்னணை நாட்டு ராஜா வல்லபதேவருக்குக் கோபம்னா கோபம், அப்படியொரு கோபம். எதுக்கு? பக்கத்து நாட்டு ராஜா தன்னோட நொண்டி யானைக்கு 'வல்லபன்'னு பேர் வச்சுட்டானாம்! தினமும் "வல்லபா, மண்டி போடு"ன்னு அதட்டறானாம். பொறுக்குமா? காலையிலேயே போர் முரசைக் கொட்டச் சொல்லிட்டார்.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். முரசு கொட்டினதும் சபை நடுவுல வெள்ளித் தட்டுல வெற்றிலை பாக்கு வைப்பாங்க. அதை எடுத்தவங்க போர்ல முன்வரிசையில நிக்கணும்.

அன்னிக்குன்னு பார்த்து சபையில அரங்கேற்றம். போன போரைப் பத்தி ரெண்டு பாட்டு. முதல்ல புலவர் அடலேறனார் எழுந்தார். தொண்டையா அது, இடி! "சிவந்த ஆறு பெருகி ஓடுது, யானையெல்லாம் ஓடமா மிதக்குது"ன்னு முழங்கினார். சபை "ஆஹா, ஆஹா"ன்னு குதிச்சுது.

அடுத்தது உமையாள். அந்தப் போர்ல புருஷனைப் பறிகொடுத்தவ. அவ பாட்டுல யானையும் இல்ல, ஆறும் இல்ல. ஒருத்தி பழக்கதோஷத்துல ரெண்டு இலை போட்டுடறா. சோறு வச்சப்புறம்தான் ஞாபகம் வருது. இலையை எடுக்க மனசு வரலை. அவ்வளவுதான் பாட்டு. வாசல் காவலாளி மட்டும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

ராஜாவுக்குச் சுருக்குன்னுது. "போருக்குப் போற நேரத்துல ஒப்பாரியா? சிட்டையா! எந்தப் பாட்டு உசத்தி, சொல்லு. இவ தோத்தா பொழுது சாயறதுக்குள்ள நாட்டை விட்டே போயிடணும்!"

பாவம், உமையாள் எங்கே போவா?

சிட்டையன் ராஜாவோட ஆலோசகன். வாய் கொஞ்சம் நீளம். "நான் ஒருத்தன் சொன்னா போதுமா மகாராஜா? சபையே சொல்லட்டும்"னு வெள்ளித் தட்டைத் தூக்கினான். "முதல் பாட்டுதான் உசத்தின்னு நினைக்கறவங்க தாம்பூலம் எடுத்துக்கலாம்!"

அரங்கேற்றத்துல தாம்பூலம் குடுக்கறது சகஜம்தானே? யாருக்கும் சந்தேகமே வரலை. அடலேறனார் முதல் ஆளா எடுத்தார். மந்திரிகள் முண்டியடிச்சு எடுத்தாங்க. ராஜாவும் ஒண்ணைப் போட்டுக் குதப்பினார்.

எல்லார் வாயும் நல்லாச் சிவந்ததும் சிட்டையன் ஒரு கும்பிடு போட்டான். "ரொம்ப சந்தோஷம்! நாளைக்கு முன்வரிசை தயார். புலவர் ஐயாதான் எல்லாருக்கும் முன்னால!"

"என்னது!"

"காலையில முரசு கொட்டியாச்சே ஐயா. இது போர்த் தட்டு."

அடலேறனார் முகம் வெளுத்துப்போச்சு. "எனக்கு மூட்டு வலி"ன்னு முனகினார்.

ஒரு கிழட்டு மந்திரி அழுதே விட்டார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பொண்டாட்டி தனியா எப்படி உட்கார்ந்து சாப்பிடுவா?"

எல்லாரும் உமையாளைத் திரும்பிப் பார்த்தாங்க.

ராஜா மெல்றதை நிறுத்திட்டார். பக்கத்துல ராணி அவரையே பார்த்துக்கிட்டிருந்தா. அவர் மெதுவா, "சிட்டையா, துப்பிட்டா சேர்த்தி இல்லையே?"ன்னு கேட்டார்.

"முழுங்காத வரைக்கும் இல்லை மகாராஜா."

அவ்வளவுதான்! எச்சில் படிக்கத்துக்கு அப்படியொரு தள்ளுமுள்ளு. முதல்ல துப்பினவர் ராஜாதான். வாயைத் துடைச்சுக்கிட்டு, கழுத்து முத்துமாலையைக் கழட்டி உமையாள் கையில குடுத்தார். "உன் பாட்டுதாம்மா உசத்தி. என்னை மன்னிச்சுடு. அந்த நொண்டி யானை என் பேரோட நல்லா இருக்கட்டும்."

அதுக்குள்ள படிக்கம் நிரம்பித் தரையெல்லாம் வழிஞ்சுது. சிட்டையன் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்கினான்.

"மகாராஜா, புலவர் பாடின சிவந்த ஆறு இதோ பெருகி ஓடுது. இந்தப் போருக்கு இவ்வளவு போதுமா?"

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "போதும்டா, போதும்!"