ஃபேன் காற்றில் புரண்ட பக்கம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம். அதில் ஒன்றாம் வகுப்பு மட்டும் இரண்டு. வைத்தியலிங்கம் வாத்தியாரின் பிள்ளைகள் பாடத்தை மழையாய்ப் பொழிவார்கள். தற்காலிக டீச்சர் செங்கமலத்தின் பிள்ளைகள் விரல் வைத்து எழுத்தெழுத்தாய்க் கூட்டுவார்கள்.

பார்வையிட வந்த அதிகாரியிடம் வாத்தியார், "இந்தம்மா வகுப்பும் இப்பவே என் பிள்ளைங்க வேகத்துல வாசிக்கட்டும். இல்லன்னா வேற டீச்சரைப் போடுங்க" என்றார்.

"சரிங்க சார். முதல்ல உங்க பிள்ளைங்க வாசிக்கட்டும். பாவம், வேர்க்குது" என்று செங்கமலம் ஃபேனைப் போட்டாள்.

வாத்தியாரின் பிள்ளைகள் நரிக் கதையைத் தொடங்கினார்கள். காற்றில் பக்கங்கள் புரண்டன. யானைப் படம் வந்தது, பூனைப் படம் வந்தது. பிள்ளைகள் நரிக் கதையை நிறுத்தவே இல்லை.

அடுத்து செங்கமலத்தின் மாணவி குயிலி வாசித்தாள். பக்கம் புரண்டதும் நிறுத்தினாள். "டீச்சர், கதை ஓடிப்போச்சு!"

அதிகாரி சிரித்துவிட்டார். "நாளைக்கும் நீங்களே வாங்கம்மா."

வைத்தியலிங்கம் ஃபேனை அணைத்துவிட்டு நடையைக் கட்டினார்.